இறங்காத குழிகள்

புதிதாக மண் ஆய்வு வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். கேட்டவருக்கு என்னைச் சரியாகத் தெரியாது போலிருக்கிறது. நான் வாழ்நாளில் தோண்டவைத்த குழிகளையெல்லாம் ஒரே இடத்தில் தோண்டவைத்திருந்தால் ஊருக்கு ஒரு கிணறாவது கிடைத்திருக்கும். ஆனாலும் முழங்கால் நன்றாக மடங்கிக்கொண்டிருக்கும்போதே, ஐம்பத்தைந்து வயதில், அரசாங்கம் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நேரம் நிறைய இருக்கிறது. நீங்களாகக் கேட்டும்விட்டீர்கள்.

மண் வகைகளும் அட்டவணைகளும் உங்கள் கையேட்டில் இருக்கின்றன. நான் சொல்லப்போவது ஆழமில்லாத மண்ணைப் பற்றி. 'ஆழமில்லாத' என்ற சொல்லை என் அறிக்கைகளைப் பற்றி மேலதிகாரிகள் பலமுறை பயன்படுத்தியிருப்பதால், இந்த விஷயத்தில் எனக்குப் பேசத் தகுதி உண்டு என்றே நினைக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், வேலையில் சேர்ந்த சூட்டோடு என்னைப் பயிற்சிக்கு வடக்கே அனுப்பினார்கள். எரிமலைக் குழம்பு என்றோ பரவி உறைந்து, மேசை மேசையாக நிற்கும் வறண்ட மேட்டுநிலம். நானோ இடுக்கி மலையில் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசைவீட்டில், பிறந்தவன். எங்கள் ஊரில் கையிலிருந்து பந்து நழுவினால் பக்கத்து டிவிஷனில் போய்த்தான் பொறுக்க வேண்டும். அவ்வளவு தட்டையான பூமியை முதல்முறை பார்த்த பரவசத்தில், "இங்கே என்னதான் விளையாது!" என்றேன். பயிற்சி கொடுத்தவர் கடப்பாரையை என் கையில் கொடுத்தார். ஒரு சாண் போனது. பிறகு 'டங்' என்றது. என் தோள்பட்டை வரைக்கும் அந்தப் பதில் வந்து சேர்ந்தது.

அந்த ஒரு சாண் மண்ணின் குணத்தைச் சொல்கிறேன். மேலே கல் சிதறிக் கிடக்கும். கீழே கறுப்புக் களி. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதற்கும் கீழே பாறை. தண்ணீரைச் சேர்த்து வைக்கிற விஷயத்தில் அது பானை அல்ல, தம்ளர். ஒரு மழையில் நிரம்பி வழியும். நாலு வெயிலில் காலி. அந்தத் தம்ளரை நம்பிக் குடித்தனம் நடத்தத் தெரிந்தது புல் ஒன்றுதான். கிடைக்கும்போது குடித்துக்கொள்ளும், கிடைக்காதபோது செத்தது போல் படுத்துக்கொள்ளும், எந்த நிலையிலும் பிடித்த இடத்தை விடாது. அரசாங்க உத்தியோகத்துக்கே பிறந்த தாவரம். அதன் மேல் மாடு மேயலாம். கலப்பை பட்டால் வேர் போகும், வேர் போனால் மண் போகும், போன மண் திரும்பாது. இதையெல்லாம் தேர்வில் மிக அழகாக எழுதினேன். பாராட்டினார்கள். ஊர் திரும்பியதும் எரிமலை மண்ணை எரிமலைக்காரர்களிடமே விட்டுவிட்டேன்.

என்னைப் போட்டது பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், எருத்தேன்பதிப் பக்கம். அங்கே எரிமலை கிடையாது. கணவாய்க் காற்று காதுக்குள் இரைகிற, பனை நிற்கிற, கோயமுத்தூர்த் தமிழ் பேசுகிற வறண்ட மேடு. அந்த மேட்டில் உழாத நிலங்கள் நிறைய இருந்தன. கிளுவையை நெருக்கமாக நட்டு வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்வேல மரத்தையும் விட்டு, மாடு மேய்ப்பார்கள். கொறங்காடு என்று அதற்குப் பெயர்.

அப்படி ஐந்து ஏக்கர் கொறங்காடு மயிலாத்தாவுடையது. கணவர் இறந்துவிட்டார், இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாயிற்று. ஏழெட்டு மாடுகளையும் அந்தக் காட்டையும் தனியாக ஆண்டுகொண்டிருந்தார். வேறு நிலம் கிடையாது. ஐம்பதை நெருங்கும் வயது, ஊரையே நிறுத்துகிற குரல். அவருக்கு மாடு அலுத்துப் போயிருந்தது. வேலிக்குக் கீழே, பள்ளத்தில் நாச்சிமுத்து என்பவர் கடலை போட்டு வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தார். மேலே நின்று அதைப் பார்த்துக்கொண்டே சாணி அள்ளுவது எவருக்கும் உவப்பாக இருக்காது.

அந்தச் சமயத்தில்தான் மேட்டு நிலங்களை இலவசமாகப் புல்டோசர் விட்டுச் சமன்படுத்தி, வரப்போகும் வாய்க்கால் தண்ணீரில் கடலை போடவைக்கும் திட்டம் ஒன்று வந்தது. எங்கே ஆழமான மண் இருக்கிறது என்று சொல்வது எங்கள் வகுப்பின் பொறுப்பு. இலாகாவைக் கேரளத்தில் வகுப்பு என்பார்கள். பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள், அங்கே கொஞ்சமாவது கற்றுக்கொடுப்பார்கள். நான் வருவதற்கு முன்பே தயாரான வரைபடத்தில் மயிலாத்தாவின் காடு 'ஆழமான மண், மூன்றடி' என்று பச்சை நிறத்தில் இருந்தது. புல்டோசர் முதலில் இறங்க வேண்டிய இடம் அதுதான் என்று முடிவாயிற்று. மயிலாத்தா அன்றைக்கே மாட்டுத் தரகருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த சந்தையில் அத்தனை உருப்படியையும் தள்ளிவிடுவதாக ஏற்பாடு.

தொடக்க நாள் ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் பெரிய சார் திருவனந்தபுரத்திலிருந்து வருகிறார், அவர் பார்க்க அழகாக ஒரு குழி தயாராக இருக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு. நம் தொழிலில் இது ஒரு சடங்கு என்பது இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். மூன்றடிக் குழி வெட்டி, ஒரு பக்கச் சுவரைக் கத்தியால் சீவி, அளவு நாடா தொங்கவிட்டு, மணப்பெண் போல் அலங்கரித்து வைக்க வேண்டும். பெரியவர் வந்து குழிக்குள் இறங்கி, கொஞ்சம் மண்ணைக் கிள்ளி, விரலிடுக்கில் தேய்த்து, "ம்" என்பார். அந்த "ம்" வந்துவிட்டால் நம் உத்தியோகம் பத்திரம்.

வியாழக்கிழமை காலை ராக்கியப்பனை அழைத்துக்கொண்டு போனேன். ராக்கியப்பன் எங்கள் ஆகர்காரர். மண்ணுக்குள் திருகி இறக்கும் இரும்புக் கோலைத்தான் ஆகர் என்கிறோம். அது எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு மண் என்று கணக்கு. ராக்கியப்பன் கைபட்டால் ஆகர் இறங்காமல் திரும்பியதே இல்லை என்று வகுப்பில் அவருக்குப் பெரிய பெயர். எல்லா ஆய்வாளர்களும் அவரைத்தான் கேட்டு வாங்குவார்கள். குழி தோண்ட அவருக்குத் துணையாக இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

முதல் குழி காட்டின் நடுவில். ஒரு சாணில் டங்.

"கல்லுங்க சார்" என்றார் ராக்கியப்பன். "சித்தெ தள்ளிப் போட்டுப் பாக்கலாமுங்க."

தள்ளிப் போட்டோம். டங். மேற்கே போனோம். டங். கிழக்கே கொஞ்சம் பரவாயில்லை, ஒன்றரைச் சாணில் டங். தோண்டிய இடத்திலெல்லாம் செம்மண்ணுக்குக் கீழே வெள்ளை வெளேரென்று சுக்காம்பாறை, சுண்ணாம்புச் சாந்தில் தளம் போட்ட மாதிரி, சிரித்துக்கொண்டு கிடந்தது. வெயில் ஏறுவதற்குள் காடு அம்மைத் தழும்பு விழுந்த முகமாகிவிட்டது.

மயிலாத்தா மோர்ச் சொம்போடு வந்தார். குழிகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஏனுங் சாரு, என்ற காட்டுல பொதையல் கிதையல் தேடறீங்களா? கெடச்சா பாதி எனக்குங்க, இப்பவே சொல்லிப்போட்டேன்."

"புதையல் இல்லம்மா. நாளைக்கு எங்க பெரிய சார் பாக்கிறதுக்கு ஒரு குழி."

"ஒரு குழிக்கா இத்தன குழி? உங்க வேலை தேவலீங்க. நாங்க ஒரு மாடு கறக்கோணும்னா ஒரு மாட்டத்தான் புடிக்கறமுங்க."

மோரைக் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். கடைசியில் ஒரு வெள்வேல மரத்தடியில் கடப்பாரை சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. இன்னும் போயிற்று. ராக்கியப்பன் இடுப்பளவு குழிக்குள் நின்றுகொண்டு, பிரசவ அறையிலிருந்து வெளியே வரும் மருத்துவச்சியின் முகத்தோடு அறிவித்தார்: "எறங்கீருச்சுங்க!"

அழகான குழிதான். மூன்றடி, செம்மண், சீரான நிறம். பாறை பிளந்த இடத்தில் மண் இறங்கி நிரம்பியிருக்கிறது. மரம் அதைக் கண்டுபிடித்து வேர் விட்டிருக்கிறது. மரத்தை நாங்கள் கண்டுபிடித்திருக்கிறோம். சுவரைச் சீவிக்கொண்டிருந்தபோது ஏதோ தோன்றி ராக்கியப்பனிடம் கேட்டேன்.

"அண்ணே, இந்தக் காட்டுல முன்னாடி ஆகர் போட்டது நீங்கதானா?"

"நானேதானுங்க."

"அப்பவும் இப்படித்தானா? இறங்கலன்னா தள்ளித் தள்ளிப் போடுவீங்களோ?"

"பின்னெங்க? எறங்காத எடத்துல நின்னுக்கிட்டு என்ன பண்றதுங்க? எறங்கறது மண்ணுங்க, எறங்காதது கல்லுங்க. சார்மாரு மண்ணு ஆழத்தத்தானுங்களே கேக்கறாங்க? கல்லு ஆழத்த ஆருங்க கேட்டா?"

சுவர் சீவிய கத்தியைக் கீழே வைத்தேன்.

நான் மண் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டேன். வரைபடம் போட்ட யாரும் பொய் சொல்லவில்லை. ஆகர் மூன்றடி இறங்கியது, மூன்றடி என்று எழுதினார்கள். இறங்காத இடங்கள் யார் கணக்கிலும் வராமல் வழியிலேயே உதிர்ந்துபோயின. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். வெந்த சோறாகத் தேடிப் பொறுக்கிப் பதம் பார்த்தால் எந்தப் பானையும் வெந்த பானைதான். நம் தொழிலைத் தவிர வேறு தொழிலில் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியுமா என்று யோசித்துப் பார்க்கிறேன். பெண் பார்க்கும் தரகர் ஒருவேளை செய்யலாம்.

வடக்கே நான் தேர்வில் எழுதிய அழகான வாக்கியங்கள் இப்போது ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் நின்றன. இங்கே பாறை வேறு, நிறம் வேறு. ஆனால் இதுவும் தம்ளர்தான். புல்டோசர் ஒருமுறை வழித்தால் அந்த ஒரு சாண் காட்டின் ஓரத்துக்குப் போய்க் குவியும். மிச்சத்தைக் கணவாய்க் காற்று பார்த்துக்கொள்ளும். மயிலாத்தாவுக்குக் கடலையும் இருக்காது, புல்லும் இருக்காது, அதற்குள் மாடும் சந்தை ஏறிப் போயிருக்கும்.

பொழுது சாய்வதற்கு முன்பே அவரிடம் போய்ச் சொன்னேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் கேட்டு முடித்துவிட்டு வாளியைக் கீழே வைத்தார்.

"ஏனுங் சாரு, கெவுருமெண்டு மேப்புல மூணடின்னு போட்டிருக்குதா இல்லீங்களா?"

"போட்டிருக்கு. ஆனா அது..."

"இன்னைக்கு மரத்தடியில மூணடி எறங்குச்சா இல்லீங்களா?"

"இறங்குச்சு. ஆனா மத்த இடமெல்லாம்..."

"மத்த எடமும் அதாட்டம் ஆகோணும்னுதானுங்களே அந்த வண்டியே வருது? எறங்குன எடத்த உட்டுப்போட்டு எறங்காத எடத்தயே பேசறீங்களே, உங்களுக்கு என்ற மேல என்னங்க கடுப்பு? ஆயுசுக்கும் மாட்டுக்காரியாவே கெடக்கோணுமுங்களா நானு?"

படித்தவன் எவ்வளவு பேசியும் எடுபடாமல் போகும் தருணங்கள் உண்டு. என் வாழ்க்கையில் அவை அடிக்கடி வரும். அவர் வாதத்தில் ஓட்டையே இல்லை. எங்கள் வரைபடம்தான் அவர் பக்கம் சாட்சி சொன்னது. வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத ஒருவன், மலையிலிருந்து வந்த பேச்சோடு, அச்சடித்த வரைபடத்துக்கு எதிராக என்ன சொன்னாலும் அது பொறாமை மாதிரிதான் கேட்கும். பெரிய சாரோ வழியில், ஏதோ ரயிலில் இருந்தார். புல்டோசர் ஏற்கெனவே வந்து இட்டேரியில், இரண்டு வேலிகளுக்கு நடுவே இருக்கும் அந்த ஒற்றை வண்டிப் பாதையில், யானை மாதிரி அடைத்துக்கொண்டு நின்றது.

தோண்டிய குழியை அன்றே மூடிவிடுவது நம் வழக்கம். மாடு காலை விட்டுவிடும். ராக்கியப்பன் மூடப் போனார்.

"மூட வேண்டாம்" என்றேன்.

"ஏனுங்க? மரத்தடிக் குழி ஒண்ணு போதுமுங்களே, பெரிய சாருக்கு?"

"அந்த ஒண்ணு மட்டும் போதாதுண்ணே. எல்லாம் கிடக்கட்டும். மாட்டைப் பட்டியில கட்டச் சொல்லிடுவோம்."

நான் எடுத்த முடிவு இவ்வளவுதான். வீரம் ஒன்றும் இல்லை. மண்ணை அள்ளிப் போடாமல் இருந்தேன். சோம்பேறித்தனம் ஒரு அரசு ஊழியனுக்குக் கடமையாக வாய்ப்பது அபூர்வம்.

வெள்ளிக்கிழமை காலை புல்டோசருக்குச் சந்தனம், குங்குமம், முன்னால் ஒரு மாலை. டிரைவர் வர்க்கி கழுத்தில் சிலுவையோடு பக்தியாக நின்று கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாச்சிமுத்து வேலி ஓரத்தில் நின்று, "மயிலாத்தாக்கா, இனிக் கடலை வெலைய நீங்கதான் சொல்லோணும், நாங்க கேட்டுக்கறமுங்க" என்று இழுத்தார். "சொல்றன் சாமி, உனக்குச் சித்தெ கொறச்சே சொல்றன்" என்றார் மயிலாத்தா.

பெரிய சார் வரவில்லை. நேரம் ஆகிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு ராகு ஒரு பொருட்டல்ல. மயிலாத்தாவுக்கு அதிகாரி ஒரு பொருட்டல்ல.

"டிரைவரு, எடுங்க வண்டிய."

"அம்மா, சார் வந்துடட்டும்" என்றேன்.

"உங்க சாருக்காக ராகு நிக்குமுங்களா? ஒரு இழுப்பாச்சும் நல்ல நேரத்துல இழுத்துப்போடோணும். எடுங்க!"

வர்க்கி எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வேலி வாசலான கடவை ஒட்டி, அகலமாக ஒரு இழுப்பு. புல்லும் மண்ணும் பாய் சுருட்டுவது போல் சுருண்டன. அடுத்த கணம் இரும்பு பாறையில் உரசிய சத்தம் இருக்கிறதே, என் பல் இரண்டு இப்போதும் அதை நினைவில் வைத்திருக்கிறது. வெள்ளைப் புகை எழும்பியது. வர்க்கி கீழே எட்டிப் பார்த்து, "சாரே, பாறையாணு. பிளேடு போகும்" என்று கத்தினார்.

"ஓரத்துல அப்படித்தான் இருக்கும். உள்ளாற போங்க!" என்றார் மயிலாத்தா.

நான் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். ஒரு சினிமாக் காட்சியாக இதைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். ஓடின வேகத்தில் என்னுடைய இறங்காத குழி ஒன்றிலேயே கால் வைத்து, கணுக்கால் மறையும் பள்ளத்தில் கொக்கு மாதிரி நின்றேன். அந்த நிலையில்தான் இட்டேரியில் ஜீப் வந்து நின்றது.

பெரிய சார் இறங்கினார். தலையில் வெயிலுக்குப் போட்ட துணித் தொப்பி. தூரத்தில் மரத்தடியில் நாடா தொங்குவதைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் அதை நோக்கி நடந்தார். முதல் குழியில் கால் போனது. விழவில்லை, விழுகிற அளவு ஆழம் இல்லை. அதை விலகி நடந்தார், இரண்டாவது குழி. நின்றார்.

"எந்தாடோ இது? பெருச்சாளி தோண்டியதோ?"

"இல்ல சார், நாங்கதான்."

குனிந்து பார்த்தார். அடுத்ததற்குப் போனார். அதற்கடுத்தது. மரத்தடிக்குப் போய்க் குழிக்குள் இறங்கி, மண்ணைக் கிள்ளினார். நான் காத்திருந்த "ம்" வரவில்லை. மேலே ஏறினார்.

"நம்ம மேப்பில் இவ்விடம் மூணடி அல்லே?"

"ஆமா சார். இறங்கின குழி இது ஒண்ணு. மத்ததெல்லாம் இறங்காதது."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கோபமா, வேறு ஏதாவதா என்று இன்னும் எனக்குத் தெரியாது. பிறகு தொப்பியைக் கழற்றி, காட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலாகப் பின்னால் வீசினார். கணவாய்க் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் எங்கோ போட்டது.

"ராக்கியப்பா, தொப்பி விழுந்திடத்து ஆகர் இடு."

ராக்கியப்பன் போட்டார். டக்.

"கல்லுங்க. தொப்பி தப்பான எடத்துல உழுந்துருச்சுங்க. சித்தெ தள்ளி..."

"தள்ளான் பாடில்ல, தள்ளக்கூடாது. தொப்பி விழுந்திடத்து மாத்ரம்."

மறுபடி வீசினார். டக். அத்தனை ஆண்டு சம்பாதித்த பெயர் ஊர் பார்க்கப் போய்க்கொண்டிருந்ததில் ராக்கியப்பனின் முகம் சுருங்கிவிட்டது. மூன்றாவது முறை வீசப் போனபோது மயிலாத்தா குறுக்கே வந்தார்.

"இருங்க. நீங்க எறிஞ்சா அது உங்க பக்கம் பாத்துத்தான் உழுகும். என்ற காடு, நா எறியறேன். குடுங்க இங்க."

பெரிய சார் தொப்பியை அவர் கையில் கொடுத்தார். மயிலாத்தா மாட்டுக்குக் கல் எறிந்து பழகிய கையால் வீசினார். நல்ல வீச்சு. டக். நாச்சிமுத்து வேலிக்கு அந்தப் பக்கம் சிரித்தார். மயிலாத்தா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி வீசினார். டக். அடுத்தது மரத்துப் பக்கமாகப் போய் விழுந்தது. ஆகர் முழங்கால் அளவு இறங்கியது. "பாத்தீங்களா!" என்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தெம்பாக அடுத்ததை வீசினார். டக். இன்னொன்று. டக்.

அதற்கு மேல் அவர் வீசவில்லை. தொப்பியிலிருந்த மண்ணைத் தட்டி, ஓரத்தை நிமிர்த்தி, பெரிய சாரிடம் திருப்பிக் கொடுத்தார். கடவுப் பக்கம் வர்க்கி இழுத்திருந்த அந்தப் பட்டைக்கு நடந்து போய்க் குந்தினார். வெள்ளைப் பாறையைக் கையால் தடவினார். அவர் கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. புல்டோசர் உறுமிக்கொண்டே நின்றது.

"ஒரு இழுப்புக்கே எலும்பு தெரியுதே" என்றார். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, பழைய குரலில் வர்க்கியைக் கூப்பிட்டார். "டிரைவரு! வண்டியத் திருப்பிக்குங்க. நாச்சிமுத்து காட்டுக்குப் போங்க. அங்க மண்ணு கெடக்குது. என்ற காட்டு மண்ணும் காலங்காலமா அங்கதான் எறங்கியிருக்குது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏனுங் சாரு, இந்தத் தொப்பிய மேப்புப் போடறப்பவே எறிஞ்சிருந்தா என்னங்க? தரகனுக்கு நா என்ன பதில் சொல்றது இப்ப?"

நாச்சிமுத்துவின் பள்ளத்தில் அன்று மத்தியானம், ராகு விலகிய பிறகு, தொப்பி எறிந்தே ஆகர் போட்டோம். எங்கே விழுந்தாலும் மூன்றடிக்குக் குறையாமல் இறங்கியது. ராக்கியப்பனுக்கு உயிர் வந்தது. வர்க்கி அங்கே போய் நிம்மதியாகச் சமன்படுத்தினார்.

திரும்பும்போது ஜீப்பில் பெரிய சார் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். பாராட்டப் போகிறார் என்று நான் அடக்கத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். "எடோ, இந்தத் தாலுக்கா முழுக்க மேப்பு திரும்ப இடணும். நீ இடு" என்றார். பரிசு அதுதான். அந்தக் கோடை முழுக்க நானும் ராக்கியப்பனும் ஒரு பழைய தொப்பியோடு மேடு மேடாக அலைந்தோம். பைத்தியம் பிடித்துவிட்டதாக இரண்டு ஊர்களில் பேசிக்கொண்டார்கள். ஒரு ஊரில் தொப்பியை எடுத்து ஓடிவந்து பணிவாகக் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஆகர் இறங்காத இடத்தில் 'இறங்கவில்லை' என்று எழுத ராக்கியப்பனைப் பழக்குவதற்கு அந்தக் கோடை போதவில்லை. "ஏனுங்க, நம்ம வாயால நாமளே சொல்றதுங்களா?" என்பார்.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: இப்போது ஆகர் போடும் இடத்தை யந்திரம் சொல்கிறது, தொப்பி வேண்டாம். ஆனால் வெயிலில், பசியில், மாலை ஜீப் வருவதற்குள் வேலையை முடிக்கிற அவசரத்தில், கல் இடித்தால் கால் தானாகவே ஒரு எட்டுத் தள்ளி நிற்கும். அந்தக் காலைக் கவனியுங்கள்.

அடுத்த வருஷம் கடலை பறிக்கும் காலத்தில் அந்தப் பக்கம் போயிருந்தேன். மயிலாத்தாவின் கடவைத் திறந்ததும் திகைத்து நின்றுவிட்டேன். வர்க்கி இழுத்த பட்டையில் ஒரு புல்கூட முளைக்கவில்லை. மழையும் காற்றும் சேர்ந்து அதைக் கழுவித் துடைத்து, சிமெண்ட் பூசின மாதிரி ஆக்கியிருந்தன. அதன் மேல் மலை மலையாக நாச்சிமுத்துவின் கடலை காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வேறு யாருடைய மிளகாயோ சிவப்பாகப் பரந்து கிடந்தது. சுற்று வட்டாரத்தில் அப்படி ஒரு களம் கிடையாதாம்; அவரவர் வந்து கேட்டு, அவர் சொல்கிற நாளில்தான் காயப்போடலாமாம். மயிலாத்தா ஒரு நீளக் குச்சியோடு நடுவில் நின்று காக்கையையும் நாச்சிமுத்துவையும் ஒரே தொனியில் அதட்டிக்கொண்டிருந்தார். புல் வெளியில் மாடுகள் மேய்ந்தன. எண்ணிப் பார்க்கவில்லை, முன்பைவிடக் கூடியிருந்த மாதிரிதான் இருந்தது.

"வாங் சாரு! நல்லாப் பாத்துக்குங்க. அன்னைக்கு நீங்க குறுக்க வந்து நிக்காம இருந்திருந்தா இன்னும் நாலு இழுப்பு இழுத்திருப்பன். களம் பெருசாக் கெடச்சிருக்கும். கெடுத்துப்போட்டீங்க."

நான் சிரித்துக்கொண்டே களத்தின் விளிம்பில் குந்தினேன். அங்கே மண் சுவர் வெட்டினாற்போல் நின்றது: மேலே புல், புல்லின் வேர் பின்னிய சிவந்த மண், கீழே வெள்ளைப் பாறை. அதைவிடச் சுத்தமான மண் முகத்தை அந்தத் தாலுக்காவில் நான் பார்த்ததில்லை. யாரும் சீவவில்லை, நாடா கட்டவில்லை. கட்டைவிரலைப் பாறையில் ஊன்றி, சுண்டு விரலைப் புல் வரைக்கும் நீட்டினேன். சரியாக ஒரு சாண்.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"அதெப்படீங்க, நோகாம பக்கத்துலயே உக்காந்துட்டு? தொப்பிய எறிஞ்சுபோட்டு அளங்க சாரு!"